வேனில் வந்த குரல்

"ஏட்டி மாரித்தாய், வேன் தெருவைத் தாண்டிப் போயாச்சு. இன்னும் வாசல்ல என்ன நிப்பு?"

தில்லைநாயகம் அதட்டிய பிறகும் அவர் மனைவி மாரித்தாய் மெதுவாகத்தான் உள்ளே வந்தாள். முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"குரல் என்ன கணீர்னு இருக்கு! கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

"கணீரா? மூக்கால பேசுத மாதிரில்லா இருக்கு."

"போங்க, நீங்க எப்பவும் இப்படித்தான். நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தென்காசி முகம்மது கனி ஜவுளிக்கடைக்கு விளம்பரம் என்றால் தில்லைநாயகம்தான். சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் குதிரைவண்டியில் ஏறி, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொள்வார். "நனைஞ்ச தலையோட ஊருக்குப் போகாதீங்கோ! கனி கடைத் துண்டு காத்திருக்குங்கோ!" என்று அவர் இழுத்தால், அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் நின்று சிரித்துவிட்டுத் துண்டு வாங்கிப் போவார்கள். அந்த வார்த்தை, அந்த இழுப்பு, நடுவில் ஒரு செல்லக் கனைப்பு எல்லாம் அவராக உண்டாக்கியவை.

இந்த வருடம் சாரல் விழுந்ததும் வழக்கம்போல் கடைக்குப் போனார். முதலாளி துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"தில்லை, இந்தச் சீசனுக்கு நீ அலைய வேண்டாம். மெட்ராஸ்ல சொல்லி வேற ஏற்பாடு பண்ணிட்டேன். வேன்ல குழாய் கட்டி, குற்றாலம், தென்காசி ரெண்டுக்கும் விட்டுட்டேன்."

என்ன ஏற்பாடு, யார் ஆள் என்று கேட்க அவருடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை. திரும்பிவிட்டார். வீட்டில், "தொண்டைக்கு ஓய்வு குடுன்னு மொதலாளி சொல்லிட்டாரு" என்றார். "நல்லதாப் போச்சு" என்றாள் மாரித்தாய்.

மறுநாளே வேன் அவர்கள் தெருவுக்குள் வந்தது. பின்பக்கம் முழுக்கத் திரை. உள்ளேயிருந்து அவருடைய வார்த்தைகள், அவருடைய இழுப்பு. பாவி, கனைப்பைக்கூட விடவில்லை!

அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே மாரித்தாய் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு முடிவோடு வக்கீல் பிச்சுமணியிடம் போனார்.

"அந்தப் பய மேல கேஸ் போடணும் சாமி. என் பேச்சைத் திருடிட்டான்."

"எழுதி அச்சுல போட்டிருக்கீரா?"

"வாயில வருததைப் பேசுதேன். அதை எதுக்கு எழுதணும்?"

"அதான் சிக்கல். புஸ்தகம், பாட்டு, படம்னா அம்பத்தேழுல காப்பிரைட்னு புதுச் சட்டமே வந்தாச்சு. உம்ம இழுப்புக்கும் கனைப்புக்கும் சட்டத்துக்கு எங்கே போக? அவன் தொண்டையை வச்சு அவன் பேசுதான்."

"அப்படியே என்னை மாதிரி பேசுதானே சாமி!"

"மாதிரிக்கெல்லாம் கேஸ் நிக்காது வேய்." வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "ஆமா, உம்மைவிட நல்லாப் பேசுதானோ?"

தில்லைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது.

தெருவுக்குள் நுழைந்தபோது வேன் முனையில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஆதம் டீக்கடையில் இருந்தான். குழாயில் பேச்சு ஓயவில்லை. வீட்டு வாசலில் மாரித்தாய், தலைநிறையப் பிச்சிப்பூவோடு, நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குக்கூட அவள் அப்படிக் காத்து நின்றதில்லை.

"அவன் குரல்ல அப்படி என்னட்டி மயக்கம்?"

மாரித்தாய் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். "எவன் குரல்ல?"

"நடிக்காதே! பூ வச்சு, பொட்டு வச்சு எவனுக்காக நிக்கியோ, அவனை இன்னைக்குத் தெருவுல இழுத்துப் போடுதேன் பாரு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வேனைப் பார்த்து ஓடினார். மாரித்தாயும் பதறிப் பின்னாலேயே ஓடினாள். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிய வாலே! ஆம்பளைன்னா முகத்தைக் காட்டுலே!"

திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது கிழிந்து கையோடு வந்தது.

உள்ளே யாரும் இல்லை. பலகைமேல் ஒரு பெட்டி. அதன்மேல் இரண்டு சக்கரங்கள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

"கையை வச்சிராதீய அண்ணாச்சி, டேப்பு அறுந்துரும்!" டீ கிளாஸோடு ஆதம் ஓடிவந்தான். "மாசி மாசம் மொதலாளி வீட்டுல, மைக்கு நல்லாருக்கான்னு பார்க்கணும், பேசுங்கன்னு சொன்னாவல்லா? அன்னைக்குப் பிடிச்சதுதான் இது."

தில்லைநாயகம் கிழிந்த திரையோடு அப்படியே நின்றார். மாரித்தாய் மூச்சு வாங்க அவர் கையைப் பிடித்தாள்.

"குற்றாலத்துக்கு வந்து உங்க பேச்சைக் கேக்க எனக்கு எந்த வருசம் நேரம் ஒழிஞ்சுது? இப்பதான் வாசலுக்கே வருதுன்னு ஆசையா நின்னேன்... ஏங்க, உங்க குரல் உங்களுக்கே தெரியலியா?"