தகடு இல்லாத கிரைண்டர்

டெம்போவிலிருந்து இறக்கி வைத்த பெரிய கிரைண்டரைக் கோகிலவாணி ஒருமுறை சுற்றி வந்தாள்.

முன்பக்கம் மொட்டையாக இருந்தது. நான்கு துளைகள் மட்டும்.

அந்த இடத்தில் அவள் பெயர் பொறித்த தகடு இருக்க வேண்டும்.

அவள் பிறந்த வருஷம்தான் அப்பா பட்டறை போட்டார். மகள் பெயரையே வைத்தார். கோகிலவாணி கிரைண்டர்ஸ். கோயமுத்தூரில் பாதி அடுக்களைகளில் அவள் பெயர் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் 'ஏய் கிரைண்டரு' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதால் அப்பாவுக்குப் பெருமை தாங்காது.

அந்த வீட்டில் பிறந்தவள்தான் இப்போது இட்லி மாவு பாக்கெட் போடப்போகிறாள்.

புத்தி கெட்டுப்போச்சா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அப்பா அதைக்கூடக் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி ஒன்றே ஒன்று சொன்னார்.

"கடையில மாவு கெடைச்சா, கிரைண்டரு எதுக்கு அம்மிணி?"

அவர் சொன்னது சரிதான். பாக்கெட் மாவு பழகிய வீட்டில் கிரைண்டர் வாங்க மாட்டார்கள். அது தெரிந்துதான் செய்கிறாள். அப்பாவின் மேல் பிரியம் இல்லாமலா? ஐயோ, அப்படி இல்லை. பின்னே எப்படி என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அப்பா பேசவில்லை.

அவளும் கிரைண்டர் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வேறு கம்பெனியில் வாங்கவும் மனசு வரவில்லை.

இப்போது கேட்காமலே வந்து நிற்கிறது. பெயரை மட்டும் பிடுங்கிவிட்டு.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரங்கண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஐயாவேதான் தகட்டக் கழட்டுனாருங்க அம்மிணி. திருப்புளிய எங்கிட்டக் குடுக்கவே இல்லீங்க."

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? இனி என் மகள் என்று சொல்லிக்கொள்ளாதே என்கிறாரா? வேண்டாத மகளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கிரைண்டர்? அதுவும் புது மோட்டார் போட்டு?

அழுகையும் வந்தது. எரிச்சலும் வந்தது.

போன் அடித்தது. கவர் அச்சடிப்பவர். மாவுக்கு என்ன பெயர் போடுவது என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் பெயரைப் போடத் தனக்கே உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அப்பாவின் கம்பெனிப் பெயராயிற்றே. எடுக்காமல் விட்டாள்.

டிரம்மைக் கழுவலாம் என்று மூடியைத் திறந்தாள்.

உள்ளே, கல்லின் மேல், துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தாள். தகடு. கூடவே நான்கு திருகாணிகள்.

கோகிலவாணி.

கீழே இருக்கும் 'கிரைண்டர்ஸ்' கண்ணில் பட வேண்டாம் என்று கட்டைவிரலால் மறைத்தாள். விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. விரலை எடுத்துப் பார்த்தாள்.

அந்த வார்த்தை இல்லை.

அரத்தால் ராவி எடுத்திருந்தார். பொறுமையாக, அவள் பெயரின் ஒரு எழுத்தில்கூடக் கீறல் படாமல். மாவுக்கு இந்தப் பெயரைப் போட்டுக்கொள் என்பதுபோல.

போன் மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

"பேரு முடிவாயிருச்சுங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே ரங்கண்ணனிடம் திரும்பினாள்.

"அப்ப, அப்பாவோட கிரைண்டருக்கெல்லாம் இனி என்ன பேருங்கண்ணா?"

கடைகளுக்குப் போகவேண்டிய மற்ற கிரைண்டர்கள் டெம்போவிலேயே இருந்தன, அவற்றின் முன்பக்கமும் மொட்டையாக. ரங்கண்ணன் அவற்றின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். காதில் விழாதவர் மாதிரி கயிற்றை முடிச்சுப் போட ஆரம்பித்தார்.