மூன்றாவது விடை

“அமிலமும் காரமும் சேர்ந்தா என்ன வரும்?”

“உப்பும் தண்ணியும், சார்!” வகுப்பே கத்தியது.

“மூணாவது?”

யாருக்கும் தெரியவில்லை. வேதியியல் ஆசிரியர் அசியெடு பிரம்பை எடுத்தார். அதைப் பார்த்த, கானாவின் குமாசி நகரப் பள்ளியின் தலைமையாசிரியை மான்சா அவரை வராந்தாவுக்கு அழைத்தார்.

“பரீட்சைக்கு அந்த ரெண்டே போதும் சார். வீட்டுக் கோவத்தப் பிள்ளைங்க மேல காட்டாதீங்க. உங்க சம்சாரம் செர்வா சோப்பு காய்ச்ச, கோகோ ஓட்டுச் சாம்பல்ல வடிச்ச காரத் தண்ணிய குடிதண்ணி பாட்டில்ல வச்சது தப்புதான். அதுக்காக, பிள்ளையப் பறிகொடுத்தவள அம்மா வீட்டுக்குத் துரத்துவாங்களா?”

“குழந்த ஒரு வாய்தான் குடிச்சுது, மேடம். அப்படியே விட்டிருந்தா பிழைச்சிருக்கும்னு டாக்டர் சொன்னார்.”

“பின்ன?”

“நான்தான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன். புளிப்பு காரத்த முறிச்சிடும்னு. கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே! ரெண்டும் சேர்ந்து உள்ளயே கொதிச்சு, தொண்டை வெந்துபோச்சு.”

மான்சா கேட்டார், “இது செர்வாவுக்குத் தெரியுமா?”

அசியெடு வகுப்புக்குத் திரும்பினார். கரும்பலகையில் மூன்றாவது விடையை எழுதினார்.

வெப்பம்.