தண்ணீர் குடித்த மூடி

சாவு விழுந்து மூன்றாம் நாள்தான். அதற்குள் மாயாண்டி அந்த வீட்டு வாசலில் போய் நின்று, சுவிட்ச் மூடியைக் கேட்டுவிட்டார்.

"எம்மகனே போயிட்டான். இவனுக்கு மூடி வேணுமாம், மூடி!" ராக்கம்மாள் மண்ணை வாரி இறைத்தாள்.

கூட வந்திருந்த கஸ்பாருக்கு உடம்பு கூசியது. "அண்ணே, போயிருவோம். இன்னொரு நாள் வருவோம்."

"செத்த நேரம் சும்மா இருலே."

இருவரும் திண்டுக்கல்லில் ஒரு பேக்கலைட் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். பிசினையும் மரத்தூளையும் கலப்பது மாயாண்டி. அதைச் சூட்டு பிரஸ்ஸில் வைத்து மூடியாக அமுக்கி எடுப்பது கஸ்பார்.

மாயாண்டி ஐந்தாவது தாண்டாதவர். ஆனால் எவ்வளவு பிசினுக்கு எவ்வளவு தூள், எத்தனை நிமிஷம் சூடு என்பதை எட்டு வருஷமாகக் கலந்து, ஊற வைத்து, உடைத்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்தவர்.

எரியோட்டுப் பக்கம் புதிதாகக் கரண்ட் வந்த கிணறுகளில் எல்லாம் அவர்கள் கம்பெனி சுவிட்சுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மோட்டார் ரூமுக்குப் போன ராக்கம்மாள் மகன் சோலைமுத்து திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது சுவிட்ச் மூடி தனியே கழன்று கிடந்தது. அவன் கை உள்ளே கம்பியில் இருந்தது.

அன்று காலையில் வெஞ்சனம் இல்லாத சோற்றுக்காகப் புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்ச்சண்டை. அது தெருவுக்கே கேட்டிருந்தது. ராக்கம்மாள் இப்போது மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ பேசின பேச்சுத்தாண்டி அவனை மூடியைக் கழத்த வச்சது. பதினாறு முடியட்டும். அப்புறம் இந்த வாசப்படியில நின்னு பாரு, தெரியும்."

மருமகள் பேச்சாயிக்கு இடுப்பில் கைப்பிள்ளை. போக்கிடம் என்று சொல்லிக்கொள்ளப் பிறந்த வீடும் இல்லை. உள்ளே போய் மூடியை எடுத்து வந்து மாயாண்டி கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் கஸ்பார் பொருமினான். "மொதலாளிக்குச் சரக்கு மேல பழி வந்துரக் கூடாது. அதுக்காக இழவு வீட்டுல போயி..."

மாயாண்டி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும் கஸ்பாரை இழுத்துக்கொண்டு போனார். உறவெல்லாம் கூடியிருந்தது. ஒரு பக்கம் பேச்சாயியின் துணிமணியை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

மாயாண்டி ஈரச் சாக்கைப் பிரித்து மூடியை வெளியே எடுத்தார்.

"ஐயா, எல்லாரும் செத்தப் பாருங்க. இதை ஒரு ராத்திரி தண்ணியில போட்டு வச்சேன். உப்பிப் போச்சு. திருகு நிக்கிற ஓட்டையைப் பாருங்க."

கட்டைவிரலால் அழுத்தினார். ஊறிய வறட்டி போல ஓரம் பிய்ந்து விழுந்தது.

"மோட்டார் ரூம் ஒழுகுதுல்ல? மழைத் தண்ணியைக் குடிச்சு, திருகு பிடி விட்டு, மூடி தானா விழுந்திருக்கு. மோட்டார் போடப் போனவரு ரூம் இருட்டுல தெரியாம உள்ள கையை வச்சுட்டாரு. அவரு ஒண்ணும் வேணும்னு கம்பியைப் பிடிக்கல."

கூட்டம் நெருங்கி வந்து மூடியைப் பார்த்தது. ஒரு பெரியவர் கேட்டார். "ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் இப்படித்தான் செஞ்சு கொடுத்திருக்கீகளா?"

"இல்லங்கய்யா. மத்ததெல்லாம் நல்ல சரக்கு. இந்த ஒண்ணுல மட்டும் பிசினைக் குறைச்சு மரத்தூளைக் கூட்டிப் போட்டுட்டேன். நான் செஞ்ச தப்பு. மொதலாளிக்கு இது தெரியாது."

கஸ்பாருக்கு ரத்தம் கொதித்தது. தன் கையால் அமுக்கிய மூடியா ஓர் ஆளைக் கொன்றது?

ராக்கம்மாள் விளக்குமாற்றோடு பாய்ந்தாள். முதுகில், கழுத்தில், முகத்தில் அடித்தாள். மாயாண்டி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தவள் விளக்குமாற்றை வீசிவிட்டு, மருமகளைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்தாள்.

"ஆத்தா, உன்னையப் போயி வெரட்டப் பாத்தேனே! எம்பேரனைத் தூக்கிக்கிட்டு நீ எங்கிட்டும் போகாதே, ஆத்தா!"

யாரோ மூட்டையை எடுத்து உள்ளே வைத்தார்கள். பேச்சாயி மாயாண்டியைப் பார்த்தபடியே இருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கஸ்பார் தள்ளி உட்கார்ந்தான்.

"உன்னைய அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு வெக்கப்படுறேன். நாளைக்கு மொதலாளி உன்னைய உள்ள விடமாட்டாரு."

"விடமாட்டாரு. அதுதான் கம்பெனி பேருக்கும் நல்லது."

"பிரஸ்ஸுல எந்நேரமும் நான்தானே நிக்கிறேன்? எனக்குத் தெரியாம அந்த மூடியை எப்ப அடிச்சே?"

"போன ஞாயித்துக்கிழமை. நீ பூசைக்குப் போயிருந்தப்ப."

"போன ஞாயிறா?" கஸ்பார் விரலை மடக்கினான். நிமிர்ந்து பார்த்தான். "அந்தாளு செத்தே பதினாறு நாளாச்சே, அண்ணே!"

மாயாண்டி கன்னத்துக் கீறலைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"அப்ப அவுக வீட்டுல வாங்கின மூடி?"

"ரெண்டு மணி நேரம் கொதிக்க வச்சேன். குண்டுமணி எடை கூடல. திருகு ஓட்டையில ஒரு கீறல் கிடையாது. பொறுமையாத்தான் கழத்தியிருக்கான்."

"அண்ணே..."

"மெதுவாப் பேசுலே. பஸ்ஸுல எரியோட்டு ஆளுக இருக்காக."