இருவரும் அளந்த பிறகு

மேஜையின் தலைப்பக்கம், உயரமான முக்காலியில் வைரம். அவளுடைய கைத்தடி மேஜை விளிம்பில் சாய்ந்திருந்தது.

வலப்பக்கம் அவளுடைய அண்ணன், 'இதன் மேல் உட்காராதீர்' என்று ஒட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியின் மேலேயே. சுவரோரம், மடியில் பையோடு அண்ணி. எதிரே, வெள்ளைத்தாளும் பேனாவுமாக டேப்பு.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

இரண்டு பெயருமே அண்ணன் வைத்த பட்டப்பெயர்கள். தோழிகள் இருவரும் சேர்ந்து, படங்களுக்குச் சட்டம் போடும் இந்தக் கடையைத் திறந்த முதல் வாரமே வைத்துவிட்டார். வைரமுனைக் கட்டரால் கண்ணாடி வெட்டுகிறவள் வைரம். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடாவோடு திரிகிறவள், கடையின் கடிதங்களையெல்லாம் எழுதுகிறவள் டேப்பு.

வைரம் இப்போது வெட்டுவதில்லை.

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். எலி ஒயரின் மேலுறையைக் கடிப்பதுபோல, உடம்பின் காவல் படையே நரம்பின் உறையைக் கடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு கண் மங்கியது. பிறகு கால். இப்போது விரல் நுனிகள்.

மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மிச்சம் ஒரு வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். அவளுடைய ஸ்டெம் செல்களை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கடுமையான மருந்தால் அந்தக் காவல் படையைத் துடைத்தெறிந்து, பிறகு செல்களைத் திரும்பச் செலுத்துவது. நோய் இருந்த இடத்திலேயே நின்றுவிடலாம். நிற்காமலும் போகலாம். காவலே இல்லாத அந்த நாட்களில் ஒரு சாதாரணச் சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடும். அப்படிச் சிலர் போயும் இருக்கிறார்கள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

சம்மதமென்றால், ஆஸ்பத்திரி அறையில் கூட இருக்கப்போகிறவரின் பெயரோடு, நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும்.

"இன்னைக்கு நடக்கறா இல்ல? அது போதாதா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள் அண்ணி. வந்ததிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வைரம் கழிவுப் பெட்டியைத் துழாவி இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்தாள். ஒன்றை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

"நம்ம வழக்கப்படி, டேப்பு."

கண்ணாடியை வெட்டுமுன் இருவரும் தனித்தனியே அளப்பார்கள். ஆளுக்கொரு துண்டு அட்டையில் அளவைக் குறித்துக் கவிழ்த்து வைப்பார்கள். இருவரும் முடித்த பிறகே திருப்புவது. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி அளப்பது. அளவு ஒத்துப்போகாமல் அந்த மேஜையில் ஒரு கண்ணாடியும் வெட்டுப்பட்டதில்லை.

"உயிர் விஷயம்மா இது. சீட்டுக் குலுக்கிப் போடறியா?"

"குலுக்கலண்ணா. அளக்கறோம்."

டேப்பு அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தாள். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல, கிளம்ப எழுந்த டாக்டர் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. ஆனால், 'உனக்கு என்னடி தோணுது' என்று வைரம் கேட்ட போதெல்லாம் நழுவிவிடுவாள். எந்த முடிவானாலும் கூட நிற்பது என்பதில் மட்டும் அவளுக்கு இரண்டாம் யோசனை இருந்ததில்லை.

பென்சிலை எடுத்தாள். 'வேண்டாம்' என்று எழுதினாள்.

நிமிர்ந்தாள்.

வைரம் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். விரல்கள் சொன்னபடி கேட்காததால், தோளிலிருந்தே கையை இழுத்து இழுத்து எழுதினாள். பென்சில் நழுவி உருண்டது. அண்ணன் எடுத்துக்கொடுக்கக் கை நீட்டினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தானே எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கண்ணாடியில் கட்டரை வைத்துக் கோடு இழுக்கும்போது இருக்கும் அதே முகம். பாதியில் கையைத் தூக்கினால் கண்ணாடி வீண்.

அந்தத் தோளின் அசைவிலேயே டேப்புக்கு எழுத்து புரிந்துவிட்டது.

தன் அட்டையை ஏப்ரன் பைக்குள் நழுவவிட்டாள். காலடியில் கிடந்த வேறொரு துண்டை எடுத்து எழுதிக் கவிழ்த்தாள். அடுத்தவளின் அளவைப் பார்த்துத் தன் அளவை மாற்றுவது அதுதான் முதல் தடவை.

திருப்பினார்கள்.

'போறேன்.'

'போ.'

அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உட்காரக் கூடாத பெட்டியிலிருந்து ஒருவழியாக எழுந்தார்.

"அப்ப மூட்டை முடிச்சைத் தூக்க ஒரு ஆள் வேணுமே," என்றார்.

டேப்பு கடிதத்தை எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. கூட இருப்பவர்?

"என் பேரைப் போடு. நான் பாத்துக்கறேன், ஒண்ணும் ஆகாது," என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி. டேப்பு வரட்டும்."

டேப்பு தன் பெயரை எழுதினாள். வைரம் தோளிலிருந்தே கையை இழுத்துக் கையெழுத்துப் போட்டு முடித்தாள். சட்டத்துக்குப் பூசும் பசையாலேயே உறையை ஒட்டினார்கள்.

தபால் பெட்டி தெருமுனையில் இருந்தது. ஒரு கையில் தடி, மறு கையில் டேப்பின் தோள் என்று வைரமே நடந்து வந்தாள்.

"ஏப்ரன் பையில என்னடி?"

டேப்பு நின்றுவிட்டாள்.

"கண்ணுதான் மங்கிச்சு, காதுமா? உன் பென்சில் ரெண்டு தடவை ஓடிச்சு. மொத தடவை கொஞ்சம் நீளமா." வைரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வேண்டாம்னுதானே எழுதின?"

டேப்பு ஏப்ரன் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் உன் பேரைச் சொன்னேன். அந்த ரூமுக்குள்ள வர்றவங்க ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவணும். ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறவங்க ஒரு தடவையாவது மறந்துடுவாங்க. பயந்தவ மறக்க மாட்டா."

உறையை வாங்கி, பெட்டியின் வாயைத் தடவிப் பார்த்து, உள்ளே தள்ளினாள்.

அது அடியில் விழும் சத்தத்தை இருவரும் நின்று கேட்டார்கள்.