ஒரே வரியில் இரண்டு துடிப்பு

எதிர்வீட்டுப் பூங்கோதைக்கு உலகத்துச் செயற்கை இதயங்களின் நிரலைக் கட்டிக்காக்கும் வேலை. சொந்த வீட்டுக் குக்கர் விசில் மட்டும் காதில் விழாது.

தூக்கத்தில் துடிப்பு குறைய ஒரு கென்யாக்காரரும், படியேறும்போது அது அதிகரிக்க ஒரு கொரியாக்காரியும் நிரலின் ஒரே வரியைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள். பூங்கோதை இரண்டையும் இணைத்தாள். இணைப்பவர் முதலில் தன் வீட்டு இதயத்தில் சோதிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உறைமோர் கேட்கும் சாக்கில் நானும் போய் நின்றேன்.

"ஏறுங்க," என்றாள், செயற்கை இதயம் பொருத்திய கணவர் சற்குணத்திடம்.

"நின்னுபோச்சுன்னா கவலைப்படாத கோதை, எதிர்வீட்டக்கா ஊருக்கே சொல்லிடுவாங்க," என்று சற்குணம் மூன்று மாடி ஏறி இறங்கினார். சோபாவில் சாய்ந்தவர் குறட்டை விட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இணைத்த வரியை உலகத்துக்கு அனுப்பினாள்.

என் நெஞ்சுக்குள் இருக்கும் கருவி சட்டென்று லேசானது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தெருவில் கீரைக்காரம்மாவும் வாட்ச்மேனும் நெஞ்சில் கைவைத்து அண்ணாந்து நின்றார்கள்.