சத்து மாத்திரை

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எம் பொண்ணு பொய் சொல்லுதான்னு சொல்லுதீங்களா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

சிறுநீரகம் மறுபடியும் கெட்டுக்கொண்டு வருகிறது. லூபஸ் நோய்க்குக் கொடுத்த மாத்திரை ரத்தத்தில் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. இரண்டு வேளையும் விழுங்குகிறவளின் ரத்தம் இப்படி இருக்காது.

பக்கத்தில் மகள் கோமதி தலை குனிந்திருந்தாள். கன்னங்களில் அந்த நோயின் சிவப்பு திரும்ப வந்திருந்தது. வீங்கிய பாதத்தில் செருப்பின் வார் பதிந்து கிடந்தது.

 

மாதம் தவறாமல் அவரே வாங்கி, அவரே பஸ் ஏறி, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற மாத்திரை. அவர் குடும்பத்தில் சொன்ன சொல் மாறியவர்கள் கிடையாது. சம்பந்தி வீட்டிலும் இன்றுவரை ஒருத்தர் குறை சொல்லி வாய் திறந்ததில்லை.

திறக்க அவர் இடம் வைக்கவில்லை.

ஒவ்வொரு டப்பாவையும் வெந்நீரில் போட்டு, மேலே ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். சம்பந்தியம்மா கேட்டபோது சத்து மாத்திரை என்றார். நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.

தாளில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். முதலில் அதைத்தான் சுரண்டுவார்.

கல்யாணத்துக்கு முன்பே டாக்டரம்மா அதை வாய்விட்டும் சொல்லியிருந்தார். இதைச் சாப்பிடும்வரை கரு தரிக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு தகப்பனிடம் பேசுகிற பேச்சா என்று அன்றைக்கும் இப்படித்தான் எழுந்தார்.

இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்று மட்டும் மனைவியை விட்டுச் சொல்ல வைத்தார். ஏன் என்று சொல்லவில்லை.

இன்றைக்கு ரத்தத்தை மறுபடி எடுக்கச் சொன்னார். யார் ரத்தத்தையோ மாற்றி வைத்துக்கொண்டு மானமுள்ளவர்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள் என்றார். வேறு ஊரில் டாக்டரே இல்லையா என்றார்.

டாக்டரம்மா கோமதியைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா."

கோமதி அப்பாவிடம்தான் சொன்னாள்.

"நாத்தனார் முழுகாம இருக்காப்பா. அவ அம்மா வீட்டுக்கு, எங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கா. சத்து மாத்திரை ஒன்னைவிட அவளுக்குத்தான் வேணும்னு அத்தை எல்லாத்தையும் அவகிட்ட குடுத்துட்டாங்க. அது என் சீக்குக்குன்னு நான் எப்படிச் சொல்ல? நீங்கதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

எத்தனை மாதம் என்று கேட்டார்.

மூன்று என்றாள் கோமதி. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா?"

அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே அந்த வீட்டுக்குப் போனில் பேசுங்கள் என்றார் டாக்டரம்மா. இந்த வேளை மாத்திரையையாவது நிறுத்தட்டும்.

உட்கார நினைத்தார். நாற்காலி எட்டத்தில் கிடந்தது.

நின்றபடியே போனை எடுத்து அழுத்தினார்.

முதல் மணியிலேயே சம்பந்தியின் குரல். சிரிப்போடு.

"சொல்லுங்க சம்பந்தி. வீட்ல எல்லாரும் சொகந்தானே?"