மேனேஜர் நாற்காலி

துபாய் போகிறவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் அன்று ரோல் பிளே. கட்டட வேலையில் கம்பி கட்டும் சேவுகனுக்கு மேனேஜர் வேடம். நிஜத்தில் அவனுடைய சைட் சூப்பர்வைசரான ஜெயசிங்குக்கு, தாமதமாக வந்த லேபர் வேடம். சரியாகப் பேசினால்தான் சர்டிபிகேட். சேவுகன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான்.

"உக்காருய்யா, இங்க நாந்தான லேபர்," என்றார் ஜெயசிங்.

நுனியில் உட்கார்ந்தான். "வொய் லேட்... சார்?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் இருவரின் வேடத்தையும் மாற்றினார். ஜெயசிங் உட்கார்ந்து அதட்டியதுமே சேவுகன் கையைக் கட்டிக்கொண்டு, "சாரி சார், ஐ வில் நாட் டூ இட் அகெய்ன் சார்," என்றான். ஒரு தடங்கல் இல்லை.

"எவ்வளவு நேச்சுரலா பண்றாரு பாருங்க! எல்லாரும் கை தட்டுங்க," என்றார் டீச்சர்.

தட்டினார்கள். ஓய்ந்த பிறகும் சேவுகன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. ஜெயசிங் நாற்காலியை விட்டு எழுந்தார். எங்கே போய் நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை.